ஜெர்மனில மறுநாள் வர்ற என்சைம் இங்க எட்டு வாரம்: காசு மட்டும்தான் காரணமா?

குடுவைக்காரி:

வணக்கம் மக்களே. ரொம்ப நாளா இங்க சும்மா படிச்சிட்டுப் போற ஆளு நான், முதல் தடவையா ஒரு கேள்வி. நம்ம ஊர் ஸ்டேட் யுனிவர்சிட்டி ஒண்ணுல பயோகெமிஸ்ட்ரில பிஎச்டி பண்றேன். போன வருஷம் ஒரு எக்ஸ்சேஞ்ச் திட்டத்துல கொஞ்ச மாசம் ஜெர்மனில ஒரு லேப்ல இருந்துட்டு வந்தேன், வந்ததுல இருந்து ஒரே குடைச்சல்.

அங்க டிஎன்ஏவை வெட்டற ரெஸ்ட்ரிக்‌ஷன் என்சைம் தீந்து போச்சுன்னா யாரும் பதறல. காரிடார்லயே ஒரு ஃப்ரீசர் நிக்குது, கம்பெனிக்காரனே சரக்கை உள்ள வெச்சிருக்கான், எடுத்தவங்க பதிஞ்சுட்டு எடுத்துக்கலாம், பில்லு அப்புறமா லேப் கணக்குக்குப் போகும். அதுல இல்லாததுன்னா மத்தியானத்துக்குள்ள ஆர்டர் போட்டா மறுநாள் காலைல தெர்மோகோல் பெட்டில வந்து இறங்கிடுது. இங்க அதே என்சைமுக்கு மூணு கொட்டேஷன், கம்பேரிட்டிவ் ஸ்டேட்மென்ட், கைடு கையெழுத்து, எச்ஓடி கையெழுத்து, பர்ச்சேஸ் செக்‌ஷன், ஃபைனான்ஸ், அங்க ஒரு க்வெரி போட்டு ஃபைல் திரும்பி வரும், அதுக்கு ஒரு விளக்கம் எழுதிக் குடுக்கணும், எல்லாம் தாண்டி டீலருக்கு ஆர்டர் போனா அவர் கூலா "ஸ்டாக் இல்ல மேடம், எட்டு வாரம் ஆகும்"ங்கறார். கடைசில பெட்டி வந்துச்சு. ட்ரை ஐஸ் மொத்தமும் ஆவியாகி உள்ள கைய வெச்சா வெதுவெதுன்னு இருக்கு, ஏர் கார்கோல லீவு நாளு சேந்து வந்துடுச்சாம். மனசு கேக்காம ஜெல் ஓட்டிப் பாத்தேன், டிஎன்ஏ வெட்டவே இல்ல, மேல ஒத்த பேண்டா அப்படியே நிக்குது.

இதை வீட்ல சொன்னா மாமா ஒருத்தர், "சி.வி. ராமன் 200 ரூவா சாமானை வெச்சு நோபல் வாங்கினாரு, உங்களுக்கெல்லாம் சாக்கு"ன்னுட்டார். ஃப்ரெண்ட்ஸ் கிட்ட கேட்டா "ஜிடிபில எவ்ளோ ஒதுக்கறாங்கன்னு பாரு, அவ்ளோதான் மேட்டர்"னு முடிச்சுடறாங்க. எனக்கு ரெண்டுமே பத்தல. என் கூட அங்க இருந்த பசங்க ஒண்ணும் என்னை விட பெரிய மூளைக்காரங்க இல்ல (ஒருத்தனுக்கு மோலாரிட்டி கணக்கே நான்தான் போட்டுக் குடுத்தேன்). அப்ப இந்த இடைவெளி நிஜமா எங்க இருக்கு? காசா, சிஸ்டமா, இல்ல ஸ்கூல்லயே ஆரம்பிக்குதா? உள்ள இருந்து பாத்தவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

ரைன் கரையோரம்:

உங்க மாமாவுக்கு முதல்ல பதில் சொல்லிடறேன். 1928ல ராமன் கையில இருந்த அந்தச் சின்ன ஸ்பெக்ட்ரோகிராஃப் லண்டன்ல ஆடம் ஹில்கர் கம்பெனி பண்ணது, அதுவும் இம்போர்ட் சரக்குதான். அன்னைக்கு உலகத்துல இருந்த நல்ல கருவிக்கும் கல்கத்தாவுல அவர் வெச்சிருந்த கருவிக்கும் நடுவுல பெரிய தூரம் இல்ல. இன்னைக்கு ஒரு கிரையோ எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் பல கோடி ரூபாய், அதை உக்கார வைக்கற ரூமுக்கே தனி பட்ஜெட் வேணும். அந்தக் கதையை இனிமே யாரும் சொல்லாம இருந்தா கோடி புண்ணியம்.

நான் இங்க ஜெர்மனில போஸ்ட்டாக் பண்றேன், அதுக்கு முன்னாடி பிஎச்டி இந்தியாவுலதான். காரிடார் ஃப்ரீசர் மேட்டர் ஜெர்மன்காரனோட பெருந்தன்மை எல்லாம் கிடையாது. கம்பெனியோட கிடங்கு பக்கத்துல இருக்கு, ராத்திரி லாரி ஏத்தினா காலைல வந்துடும், சுத்தி அத்தனை யுனிவர்சிட்டியும் அத்தனை இன்ஸ்டிட்யூட்டும் தினமும் வாங்குது, அதனால அவனுக்குக் கட்டுபடி ஆகுது. இந்தியாவுல ப்ரைமர் (சின்ன டிஎன்ஏ துண்டு) மாதிரி சிலது உள்ளூர்லயே பண்ணிக் குடுக்கறாங்க, அது சீக்கிரம் வந்துடுது பாருங்க. சிக்கல் எல்லாம் என்சைம், ஆன்டிபாடி, கிட் இதுலதான், டாலர்லயோ யூரோவுலயோ விலை, அது மேல டீலர் மார்ஜின், அது மேல டியூட்டி. 2024 ஜூலை பட்ஜெட்ல லேப் கெமிக்கல்ஸ் இறக்குமதி வரியை 10 சதவீதத்துல இருந்து 150க்கு ஏத்தினாங்களே ஞாபகம் இருக்கா? ஊர்ல இருக்கற லேப் எல்லாம் கதறினப்புறம் ஆகஸ்ட்ல எத்தில் ஆல்கஹாலை மட்டும் விட்டுட்டு மத்ததை நிபந்தனையோட திரும்ப 10க்குக் கொண்டு வந்தாங்க. எவனோ அந்தத் தலைப்புல சாராயம் இறக்கறான்னு அத்தனை லேபுக்கும் சேத்துப் பூட்டு போட்டா எப்படி?

ஆனா நான் சொல்ல வர்றது வேற. காசு கம்மின்னா கம்மியா வாங்கிக்கலாம், சமாளிச்சுடலாம். லேட்டாகறதை எதை வெச்சும் சமாளிக்க முடியாது. இங்க ஒரு வருஷத்துல இருபது தப்பு பண்ண நேரம் இருக்கு, அதுல ஒண்ணு எப்படியும் க்ளிக் ஆயிடும். அங்க நாலு தப்புக்கு மேல பண்ண முடியாது, ஃபெல்லோஷிப்பே முடிஞ்சு போயிடும். அதனால என்ன ஆகுது, நம்ம ஸ்காலர்ஸ் ஆரம்பத்துலயே தோத்துப் போகாத ப்ராப்ளமா தேடி எடுக்கறாங்க, ஏற்கனவே ஒருத்தன் பண்ணதையே வேற செடில, வேற உப்புல, வேற செறிவுல பண்ணி பேப்பர் போட்டுடறாங்க. பேப்பர் எண்ணிக்கையில இந்தியா உலகத்துல 3வது இடம், சைனா, அமெரிக்காவுக்கு அப்புறம். அதுல எத்தனை பேப்பரைப் பாத்து அடுத்தவன் "அட"ன்னு நிமிந்து உக்காருவான்? இதைச் சொன்னா சோம்பேறின்னு திட்டுவாங்க. அந்த இடத்துல உக்காந்திருக்கறவனுக்கு அதுதான் புத்திசாலித்தனம்.

இன்னொண்ணு. 2021 நவம்பர்ல ஒமிக்ரானை முதல்ல கண்டுபிடிச்சு உலகத்துக்குச் சொன்னது தென்னாப்பிரிக்கா, போட்ஸ்வானா லேப்கள். மூளைக்கும் குறை இல்ல, மெஷினுக்கும் குறை இல்ல, பணக்கார நாட்டு லேப்களுக்கு முன்னாடியே சொல்லிட்டாங்க. பதிலுக்கு என்ன கெடைச்சுது, ப்ளைட்டை நிறுத்தினாங்க. ப்ளைட் நின்னதும் வைரஸோட மரபணுவைப் படிக்கற சீக்வென்சிங்குக்கு வேண்டிய ரியேஜென்ட்டே வர்றது சிக்கல்னு அந்த விஞ்ஞானிங்களே வெளிப்படையா சொன்னாங்க. லேப் அந்த ஊர்ல, சரக்கு இந்த ஊர்ல. இதுக்குப் பேரு என்னன்னு நீங்களே வெச்சுக்கோங்க.

(இங்க எல்லாம் பாலும் தேனும் ஓடுதுன்னு நெனச்சுடாதீங்க. எனக்கு இருக்கறது டெம்பரரி காண்ட்ராக்ட். பிஎச்டிக்கு முன்னாடி ஆறு வருஷம், அப்புறம் ஆறு வருஷம்தான் இப்படி வேலை பாக்கலாம்னு ஒரு சட்டமே போட்டு வெச்சிருக்கான், அதுக்குள்ள பர்மனென்ட் கெடைக்கலேன்னா மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.)

சாக்பீஸ்:

ரைன் கரையோரம் சொன்னது கரெக்ட், ஆனா எல்லாம் பிஎச்டி லெவல் கதை. நான் ஒரு சின்ன டவுன்ல ஆர்ட்ஸ் அண்ட் சயின்ஸ் காலேஜ்ல பிசிக்ஸ் எடுக்கறேன். இடைவெளி ஆரம்பிக்கற இடத்தை வாரா வாரம் கண்ணால பாக்கறேன், சொல்றேன் கேளுங்க.

பிஎஸ்சி முதல் வருஷம் காம்பவுண்ட் பெண்டுலம். ஒரு இரும்புப் பட்டை, வரிசையா ஓட்டை, ஒவ்வொரு ஓட்டையா மாட்டி ஆட்டி விட்டு டைம் எடுக்கணும், கிராஃப் போட்டு புவியீர்ப்பு முடுக்கம் கண்டுபிடிக்கணும். பசங்களுக்கு விடை 980 பக்கம் வரணும்னு பத்தாவதுலயே தெரியும். அதனால என்ன பண்றான், ரெண்டு மூணு ஓட்டைக்கு மட்டும் நிஜமா ஆட்டிட்டு மீதிக்கு 980ல இருந்து பின்னாடி கணக்குப் போட்டு ரீடிங் எழுதிடறான். அழகா வரும், கிராஃப் ரெண்டு பக்கமும் கண்ணாடில பாத்த மாதிரி இருக்கும். எக்ஸ்டர்னல் வர்றவர் ரெக்கார்டு நோட்டுல அட்டை போட்டிருக்கா, இண்டெக்ஸ்ல கையெழுத்து இருக்கான்னு பாத்துட்டு மார்க் போடுவார். ஒரு பையன் நிஜமா உக்காந்து எடுத்தான், 941 வந்துச்சு. ஏன் கம்மியா வந்துச்சுன்னு அவனும் நானும் தேடினோம், மாட்டற கத்திமுனை தேஞ்சு போய் பட்டை வழுக்குது, ஆட்டமும் ரொம்பப் பெருசா விட்டிருக்கான். அந்த ஒரு மத்தியானம் அவன் கத்துக்கிட்டதுதான் சயின்ஸ். ஆனா அந்த 941ஐ ரெக்கார்டுல எழுதினா மார்க் போயிடும்னு அவனுக்கு பயம், எனக்கும் அவனை எழுதுன்னு சொல்ல தைரியம் வரல, எக்ஸ்டர்னல் யார் வருவாங்கன்னு தெரியாதுல்ல.

மேல கேட்டாங்களே ஸ்கூல்லயே ஆரம்பிக்குதான்னு. ஆமா. பீசான்னு பதினஞ்சு வயசுப் பசங்களுக்கு ஒரு உலகத் தேர்வு இருக்கு, 2009 ரவுண்டோட நீட்சியா நம்ம தமிழ்நாடும் இமாச்சலும் எழுதின ரிசல்ட் வந்தப்போ 74 இடத்துல கிட்டத்தட்ட கடைசி. மனப்பாடக் கேள்வி இல்ல அது, பத்தி ஒண்ணைப் படிச்சு யோசிக்கற கேள்வி. அதுக்கப்புறம் இந்தியா அந்தப் பக்கமே தலைவெச்சுப் படுக்கல. தெர்மாமீட்டர் ஜுரம் காட்டுதுன்னு தெர்மாமீட்டரைத் தூக்கிப் போட்ட கதை. இத்தனைக்கும் காலேஜ் சேர்க்கையில நம்ம மாநிலம் 47 சதவீதம், நாட்டு சராசரி 28 பக்கம். உள்ள வந்துடறாங்க, சந்தோஷம், என் க்ளாஸ்ல பாதிப் பேர் வீட்லயே முதல் ஆளா காலேஜ் மிதிச்சவங்க. உள்ள வந்தவங்களுக்கு என்ன குடுக்கறோம்ங்கறதுதான் கேள்வி.

கணக்குப்பிள்ளை:

எல்லாரும் உணர்ச்சி பொங்கப் பேசறீங்க, கொஞ்சம் நம்பரும் பாப்போம்.

இந்தியா ஆராய்ச்சிக்குச் செலவு பண்றது ஜிடிபில 0.64 சதவீதம். சைனா இரண்டரை பக்கம், அமெரிக்கா மூணரை பக்கம், தென்கொரியா கிட்டத்தட்ட 5. பத்து லட்சம் ஜனத்தொகைக்கு ஆராய்ச்சியாளர் எண்ணிக்கை இந்தியாவுல 260 சுத்தி, கொரியாவுல 8000த்துக்கு மேல. ஆனா இந்த 0.64ஐ வெச்சு கவர்மென்ட்டை மட்டும் திட்டறதுல அர்த்தம் இல்ல. கொரியாவுல அந்தச் செலவுல முக்காவாசிக்கு மேல போடறது கம்பெனிங்க, இந்தியாவுல பாதிக்கு மேல கவர்மென்ட்தான். நம்ம ஊர் கம்பெனிக்காரன் டெக்னாலஜியை லைசென்ஸ் வாங்கிப்பான், கட்டடம் கட்டுவான், லேப் கட்ட மாட்டான். 2023ல ஆராய்ச்சிக்குப் பணம் குடுக்கற அனுசந்தான் ஃபவுண்டேஷன் சட்டம் போட்டு அஞ்சு வருஷத்துக்கு 50,000 கோடின்னாங்க, அதுலயும் கவர்மென்ட் பங்கு 14,000 கோடிதான், மீதி வெளிய இருந்து வரணுமாம். வரட்டும், பாப்போம்.

கொரியா எப்படி ஏறிச்சுன்னா, 1966ல கிஸ்ட்னு ஒரு ஆராய்ச்சி நிலையம் அமெரிக்க உதவியோட ஆரம்பிச்சாங்க, அப்ப அது ஏழை நாடு, சண்டை முடிஞ்சு பதிமூணு வருஷம்தான். வெளிநாட்டுல செட்டில் ஆன கொரியர்களைத் தேடிப் போய் உள்ளூர் பேராசிரியர்களை விட அதிக சம்பளம், வீடு, எல்லாம் குடுத்துக் கூட்டிட்டு வந்தாங்க, உள்ளூர் ஆளுங்க வயிறு எரிஞ்சாலும் பரவாயில்லன்னு. அவங்களுக்குக் குடுத்த வேலை பேப்பர் போடறது இல்ல, ஸ்டீல், கெமிக்கல், எலக்ட்ரானிக்ஸ்னு தொழிற்சாலைக்கு வேண்டியதைச் செய்யறது. அப்புறம் 1971ல இன்னைக்கு கைஸ்ட்னு சொல்ற இன்ஸ்டிட்யூட்டை ஆரம்பிச்சு ஆளையும் உள்ளூர்லயே தயார் பண்ணாங்க. ராணுவ ஆட்சி நடத்தின கூத்து அது, அந்தப் பக்கத்தை நான் நல்லதுன்னு சொல்ல வரல.

சாக்பீஸ் சாருக்கு ஒண்ணு: பீசாவுல 2012ல வியட்நாம் முதல் தடவை எழுதிச்சு, சயின்ஸ்ல 528, உலகத்துல 8வது இடம், கணக்குல 511. அமெரிக்கா கணக்குல 481. அவங்க தலா வருமானம் அப்ப நம்மளை விட ஒண்ணும் பிரமாதமா ஒசரம் இல்ல. அதனால ஸ்கூல் இடைவெளிக்குக் காசு காரணம் இல்ல.

சாக்பீஸ்:

கணக்கு சார், வியட்நாம் நம்பர் எனக்கும் தெரியும், ஆனா அந்தத் தேர்வு ஸ்கூல்ல இருக்கற பதினஞ்சு வயசுக்குத்தான். அந்த வருஷம் அங்க அந்த வயசுல பாதிக்குக் கொஞ்சம் மேலதான் கணக்குல வந்தாங்க, மீதிப் பேர் வயல்லயும் கடையிலயும் இருந்தாங்க. அதைக் கழிச்சாலும் நல்ல மார்க்தான், ஒத்துக்கறேன். வாத்தியார் க்ளாஸுக்கு வர்றார், பாடம் நடக்குது, புக்குல தலைப்பு கம்மி, இருக்கறதை ஆழமா எடுக்கறாங்க. அதுக்குக் காசு பெருசா வேணாம்ங்கறதுல உங்க கட்சி நான். ஆனா லேப்னு வந்தா வேணும் சார். அறுபது பசங்களுக்கு மூணு ஸ்பெக்ட்ரோமீட்டர் வெச்சிருக்கேன், அதுல ஒண்ணு ப்ரிசம் உடைஞ்சது, நம்பரைப் பாத்துட்டு யோசிக்க முடியல.

ஒரே ஒரு நல்ல செய்தி. ஒரே நாடு ஒரே சந்தான்னு 2025ல இருந்து கவர்மென்ட் நிறுவனங்களுக்கு 30 பப்ளிஷர், கிட்டத்தட்ட 13,000 ஜர்னல், மூணு வருஷத்துக்கு 6000 கோடின்னு வாங்கியிருக்காங்க. இதுக்கு முன்னாடி ஏழை நாடுகளுக்குக் கம்மி விலைக்கோ இலவசமாவோ ஜர்னல் குடுக்கற திட்டம் இருந்துச்சு, அதுல இந்தியாவுக்கு இடம் கிடையாது, ஏழைன்னு சேத்துக்கவும் மாட்டான், பணக்காரன் ரேட் கட்டவும் நம்மால ஆகாது. எல்லாரும் என்ன பண்ணாங்கன்னு ஊருக்கே தெரியும், கஜகஸ்தான் பொண்ணு ஒருத்தி 2011ல ஆரம்பிச்ச சை-ஹப் சைட்ல இருந்து ஓசியா பேப்பர் இறக்கிட்டு இருந்தோம், 2020ல பப்ளிஷர்ஸ் டெல்லி ஹைகோர்ட்ல கேஸ் போட்டு 2025ல ப்ளாக் ஆயிடுச்சு. புதுத் திட்டத்தோட முதல் கட்டத்துல தனியார் காலேஜ்கள் இல்ல, தமிழ்நாட்டுப் பசங்கள்ல எத்தனை பேர் தனியார் காலேஜ்ல படிக்கறாங்கன்னு யோசிச்சுக்கோங்க. அதோட இது படிக்கறதுக்கு. எழுதிப் போடறதுக்கு ஓப்பன் ஆக்சஸ்னா (யாரும் இலவசமாப் படிக்கற மாதிரி) இன்னொரு பில்லு, பெரிய ஜர்னல் ஒண்ணு 2020ல ஒரு பேப்பருக்கு 9500 யூரோன்னு அறிவிச்சான். எங்க லேபோட ஒரு வருஷத்துக் கன்ஸ்யூமபிள்ஸை விட அதிகம்.

பனங்கூடல்:

நீங்கள் எட்டுக் கிழமை எண்டு கவலைப்படுறியள், எங்கட பக்கத்துக் கதையையும் கேளுங்கோ. நான் யாழ்ப்பாணத்தில, கம்பஸ் ஒண்டில டெமோன்ஸ்ட்ரேட்டரா இருந்து இப்ப மாஸ்டர்ஸ் செய்யிறன்.

இலங்கையில பள்ளிக்கூடத்தில இருந்து கம்பஸ் வரை இலவசக் கல்வி, கல்வி அமைச்சர் கன்னங்கரா காலத்தில 1945 இல இருந்து. எழுத வாசிக்கத் தெரிஞ்ச ஆக்கள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல. அதை வைச்சுப் பார்த்தா நாங்கள் முன்னுக்கு நிக்கோணும், ஆனா ஆராய்ச்சிக்கு நாடு செலவழிக்கிறது ஜிடிபியில 0.1 வீதம் அளவில. இந்தியாவின்ர 0.64 எங்களுக்குக் கனவு. பள்ளிக்கூடக் கடைசிப் பரீட்சை ஏலெவல் எடுத்துத் தகுதி வந்தாலும் பெரும்பாலான பிள்ளையளுக்கு அரச கம்பஸில இடம் இல்லை, இசட் ஸ்கோர் (பாட வித்தியாசத்தைச் சமப்படுத்தின புள்ளி), மாவட்டக் கோட்டா எண்டு ஒரு நூலிழையில போயிடும். உள்ளுக்கு வந்தவை படிச்சு முடிச்சுக் கெட்டிக்காரர் எண்டா வெளிநாட்டில பிஎச்டிக்குப் போவினம், பாண்ட் காசைக் கட்டிப் போட்டு அங்கேயே நிண்டிடுவினம். நான் குறை சொல்லேல்லை, 2022 இல டொலர் 200 ரூபாயில இருந்து சில மாசத்தில 360 க்குப் போனதைப் பார்த்தவன் எவனும் குறை சொல்ல மாட்டான். சம்பளம் அதே, விலை ரெண்டு மடங்கு. அந்த நேரம் இறக்குமதிக்கு எல்சி (வங்கி உத்தரவாதக் கடிதம்) திறக்க வங்கியில டொலர் இல்லை, கெமிக்கல் ஓடர் எல்லாம் அப்பிடியே நிண்டது. மேல் மாகாணத்தில பள்ளிக்கூடத் தவணைப் பரீட்சையையே பேப்பர் இல்லை எண்டு தள்ளி வைச்சவை. நான் சொல்றது ஆராய்ச்சிப் பேப்பர் இல்லை, அச்சடிக்கிற வெள்ளைப் பேப்பர்.

எங்களுக்கு இன்னொரு விதமான உதவி வரும், புலம்பெயர்ந்த சனம் அனுப்பிற பழைய மெஷின். மனசு பெரிசு, மறுக்கேலாது. ஒருக்கா கனடாவில இருந்து ஒரு சென்ட்ரிஃபியூஜ் வந்தது, 110 வோல்ட். எங்களிட்ட 230. ட்ரான்ஸ்ஃபோமர் தேடிப் பிடிச்சுப் போட்டம், ஓடிச்சுது, பிறகு ரோட்டர் மூடியின்ர ரப்பர் வளையம் போச்சுது. அந்த மொடல் கம்பனி எப்பவோ நிப்பாட்டின மொடல், வளையம் ஒரு இடமும் இல்லை. இப்ப அதுக்கு மேல ஃபைல் அடுக்கி வைச்சிருக்கு. சாமானோட அதைத் திருத்தத் தெரிஞ்ச ஆளையும் அனுப்பினால்தான் அது உதவி.

முத்தோரை ரோடு:

பனங்கூடல் சொன்ன கடைசி வரிக்காகவே லாகின் பண்ணி எழுதறேன், நான் ஊட்டிக்காரன்.

பழைய சாமானும் அதைத் தெரிஞ்ச ஆளும் சேந்து வந்தா என்ன ஆகும்னு ஒரு நிஜக் கதை இருக்கு. ரேடியோ வானியல் விஞ்ஞானி கோவிந்த் ஸ்வரூப் 1950கள்ல ஆஸ்திரேலியாவுல வேலை பாத்தார். அங்க சிட்னி பக்கம் பாட்ஸ் ஹில்ல ஆறடி டிஷ் 32 இருந்துச்சு, அவங்களுக்கு அது தேவைப்படாத கட்டம் வந்ததும் இந்தியாவுக்கே குடுத்துட்டாங்க. ஸ்வரூப் ஸ்டான்ஃபோர்டுல பிஎச்டி முடிச்சுட்டு, ஹோமி பாபா கூப்பிட்டதுல 1963ல பம்பாய்ல டாடா ஆராய்ச்சி நிலையத்துக்கு (டிஐஎஃப்ஆர்) வந்து சேந்தார், அந்த டிஷ்களை பம்பாய் பக்கத்துல கல்யாண்ல நிறுத்தினார், 1965ல அது நாட்டோட முதல் ரேடியோ டெலஸ்கோப் வரிசையா ஓட ஆரம்பிச்சுது. அதே டிஷ்தான், ஆனா அதைத் தொட்டுப் பழகின கை கூட வந்துச்சு.

அப்புறம்தான் ஊட்டி. பெரிய டிஷ் பண்ணி ரெண்டு அச்சுல திருப்ப காசு கிடையாது. அவர் யோசிச்சது என்னன்னா, ஊட்டி இருக்கறது பூமத்திய ரேகைக்கு வடக்க 11 டிகிரில, அப்ப வடக்கு தெற்கா அதே 11 டிகிரி சரிவுல ஒரு மலை கெடைச்சா, அது மேல நீளமா ஒரு டெலஸ்கோப்பைப் படுக்க வெச்சா அதோட அச்சு பூமியோட அச்சுக்கு இணையா தானா வந்து நிக்கும். பூமி சுத்தறதுக்கு எதிர்ப்பக்கமா அந்த ஒரு அச்சுல மட்டும் மெதுவா உருட்டினா போதும், ஒரே நட்சத்திரக் கூட்டத்தை ஒம்பதரை மணி நேரம் விடாம பின்தொடரலாம். மலை தேடி அலைஞ்சு முத்தோரைல புடிச்சாங்க. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், தகடு போட்டா காத்து தூக்கிடும், காசும் எகிறும், அதனால 24 பரவளைய சட்டங்களுக்கு நடுவுல ஆயிரத்துச் சொச்சம் மெல்லிசான ஸ்டீல் கம்பியை இழுத்துக் கட்டினாங்க. 1970ல இருந்து ஓடுது. இப்பவும் பஸ்ல போறப்ப பாத்தா சரிவுல கைத்தறிப் பாவு விரிச்ச மாதிரி தெரியும். அதுக்கப்புறம் அதே ஆளுங்க பூனா பக்கம் 45 மீட்டர் டிஷ் 30 கட்டினாங்க, அதுல டைம் கேட்டு வெளிநாட்டுக்காரன் அப்ளை பண்றான்.

ஆனா இதை அந்த மாமா கையில குடுத்துடாதீங்க. ஏழையா இருந்ததால சாதிச்சாங்கன்னு ஆரம்பிச்சுடுவார். அவங்களுக்கு விடாம பணம் வந்துச்சு, ஒரு ஆள் ரிடையர் ஆகற வரைக்கும் அதே வேலைல இருந்தார், வொர்க்‌ஷாப் பக்கத்துலயே இருந்துச்சு, கம்பி அறுந்தா கட்டறதுக்கு எங்க ஊர் ஆளுங்களுக்குச் சொல்லிக் குடுத்து வெச்சிருந்தாங்க. ஸ்டேட் யுனிவர்சிட்டில மூணு வருஷ ப்ராஜெக்ட்ல இதுல ஒண்ணு கூடக் கெடைக்காது.

குடுவைக்காரி:

எல்லாருக்கும் தேங்க்ஸ், இவ்ளோ விஷயம் வரும்னு எதிர்பாக்கல. முத்தோரை ரோடு அண்ணா, "விடாம பணம்" பத்தி சொன்னீங்களே, எங்க டிபார்ட்மென்ட்ல அதேதான். ப்ராஜெக்ட் பணம் தவணை தவணையா வரும், போன தவணைக்கு யூட்டிலைசேஷன் சர்டிபிகேட் போனாதான் அடுத்தது, வந்து சேர டிசம்பர் ஆயிடும், மார்ச் 31க்குள்ள செலவு பண்ணலேன்னா திரும்பிடும். அதனால எல்லாரும் மார்ச்ல கிடைச்சதை வாங்கி அடுக்கறாங்க. ஜேஆர்எஃப் உதவித்தொகை 2023ல இருந்து மாசம் 37,000னு பேப்பர்ல இருக்கு, அது எந்த மாசம் கைக்கு வரும்ங்கறது வேற கதை. நெட் பரீட்சை பாஸ் பண்ணாம சென்ட்ரல் யுனிவர்சிட்டில சேந்த என் ஃப்ரெண்டுக்கு மாசம் 8000, ஹாஸ்டல் மெஸ் பில்லு கட்டவே சரியா இருக்கு.

மெஷினும் அப்படித்தான். வாங்கறதுக்கு க்ராண்ட் கெடைக்குது, வாரண்டி முடிஞ்சப்புறம் வருஷாந்திரப் பராமரிப்புக்குன்னு (ஏஎம்சி) ஒரு தலைப்பே கிடையாது. எங்ககிட்ட காம்பவுண்டோட அமைப்பைக் கண்டுபிடிக்கற என்எம்ஆர் மெஷின் இருக்கு, உள்ள இருக்கற காந்தம் மைனஸ் 269 டிகிரில திரவ ஹீலியத்துல ஊறிட்டே இருக்கணும். ஹீலியம் முழுக்க இறக்குமதி, விலை வருஷா வருஷம் ஏறுது, ஒரு ரவுண்டு நிரப்ப ஃபைல் நகர்றதுக்குள்ள மட்டம் எறங்கிடுச்சு. இப்ப நிறுத்தி வெச்சிருக்காங்க. ரைன் கரையோரம் சொன்ன அந்த நாலு தப்புல ஒண்ணு எனக்கு இதுலயே போச்சு. எனக்கு நாலஞ்சு சாம்பிள்தான் ஓட்டணும், ஒரு மூலிகைல இருந்து பிரிச்சு எடுத்த காம்பவுண்ட். என்ன வழி?

ரைன் கரையோரம்:

2025 ஜூன்ல பர்ச்சேஸ் ரூல்ஸைக் கொஞ்சம் தளர்த்தினாங்க, கொட்டேஷன் இல்லாம வாங்கற லிமிட் ஒரு லட்சத்துல இருந்து ரெண்டு லட்சம், கவர்மென்ட்டோட ஜெம் கொள்முதல் போர்ட்டலுக்கு வெளிய வாங்கவும் டைரக்டர், வைஸ் சான்சலருக்கு அதிகாரம். சென்ட்ரல் சயின்ஸ் க்ராண்ட்ல நடக்கற ப்ராஜெக்ட்னா அந்த ஆர்டரை ப்ரிண்ட் எடுத்துட்டுப் போய் உங்க பர்ச்சேஸ் செக்‌ஷன்ல கேட்டுப் பாருங்க, பாதி இடத்துல அவங்களுக்கே தெரியாது. ஸ்டேட் யுனிவர்சிட்டில ஒத்துக்குவாங்களான்னு அவங்கதான் சொல்லணும், கேக்கறதுல நஷ்டம் இல்ல.

என்எம்ஆர் பத்தி சாக்பீஸ் சாருக்குத்தான் உள்ளூர் நிலவரம் தெரியும்.

சாக்பீஸ்:

ஐஐடி மெட்ராஸ்ல சைஃப் (SAIF)னு ஒரு வசதி இருக்கும்மா, வெளி காலேஜ்காரங்களுக்காகவே சென்ட்ரல் கவர்மென்ட் பணத்துல நடக்கறது, என்எம்ஆர் இருக்கு. எங்க காலேஜ் பசங்க பலமுறை அனுப்பியிருக்காங்க. அது போக ஐ-ஸ்டெம்னு ஒரு போர்ட்டல் 2020ல ஆரம்பிச்சாங்க, நாட்டுல எந்த லேப்ல எந்த மெஷின் இருக்கு, வெளி ஆளுக்குக் குடுக்கறாங்களான்னு தேடிப் பாத்து அங்கயே ஸ்லாட் புக் பண்ணலாம், ரெஜிஸ்டர் பண்ண கைடோட ஒப்புதல் வேணும். ரேட் லிஸ்ட்ல அகாடமிக், இண்டஸ்ட்ரின்னு தனித்தனியா இருக்கும், டிக் பண்றப்ப பாத்துப் பண்ணு, இண்டஸ்ட்ரில போட்டா பல மடங்கு பில்லு வந்துடும். சாம்பிள் நல்லா காஞ்சிருக்கணும், எந்த டியூட்டரேட்டட் சால்வென்ட்ல கரையுதுன்னு முன்னாடியே கரைச்சுப் பாத்து எழுதி அனுப்பு, அங்க போய் கரையலேன்னா உன் முறை போயிடும். கார்பன் ஸ்பெக்ட்ரமும் வேணும்னா அஞ்சு மில்லிகிராமுக்குக் குறையாம வை.

குடுவைக்காரி:

சார், மூணு சாம்பிள்ல அஞ்சு மில்லிகிராம் தேறும், மத்ததுல ரெண்டுதான் இருக்கு. அதுக்கு புரோட்டான் மட்டும் போட்டுட்டு கார்பனுக்கு இன்னொரு பேட்ச் எக்ஸ்ட்ராக்ட் பண்ணிடறேன். ரெஜிஸ்ட்ரேஷன் ஃபார்ம் இன்னைக்கே கைடு டேபிள்ல வெச்சுடறேன்.